மைன்கிராஃப்டில் அரிய பொருட்களை நீங்களே அழித்துவிடாதீர்கள்

மைன்கிராஃப்ட் விளையாட்டில் கல்லும் மரமும் தீர்ந்துபோனால் கொஞ்ச நேரத்தில் திரும்பச் சேர்த்துவிடலாம். பானை ஓடு, டெம்ப்ளேட், மியூசிக் டிஸ்க் போன்றவை அப்படிக் கிடைப்பதில்லை. இவற்றில் பெரும்பாலானவை எதிரியால் போவதில்லை, அவசரத்தில் தவறான கருவியோடு கை வைப்பதால்தான் போகின்றன.

அதிகம் பாழாவது பானை ஓடுகள். பாலைவனக் கோயில், கடலடி இடிபாடு, டிரெயில் ருயின்ஸ் (மண்ணுக்குள் புதைந்த இடிபாடு) இங்கெல்லாம் சஸ்பீஷியஸ் சாண்ட், சஸ்பீஷியஸ் கிராவல் என்று இரண்டு பிளாக்குகள் உண்டு, பார்க்கச் சாதாரண மணல், ஜல்லி மாதிரியேதான் இருக்கும், கொஞ்சம் சொரசொரப்பு மட்டும் கூடுதல். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் பிளாக்கும் போச்சு, உள்ளே இருந்ததும் போச்சு, பிளாக்கை அப்படியே எடுக்க உதவும் சில்க் டச் மந்திரம் கருவியில் இருந்தாலும் காப்பாற்றாது. அதற்கு அடியில் உள்ள மண்ணைத் தோண்டினாலும் அதே கதிதான், ஏனென்றால் அது சரிந்து விழுந்து உடைந்துவிடும். ஓர் இறகு, ஒரு செம்புக் கட்டி, ஒரு குச்சி இருந்தால் பிரஷ் செய்துவிடலாம், அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். அப்புறம், நான்கு ஓடுகளைச் சேர்த்துச் செய்த அலங்காரப் பானையை இடம் மாற்றும்போது வெறுங்கையால் உடையுங்கள், முழுப் பானையாகவே வரும். கோடாரியால் தட்டினால் மறுபடி ஓடாகச் சிதறிவிடும்.

அடுத்தது டெம்ப்ளேட். 1.20 பதிப்பிலிருந்து (2023) வைரக் கருவியை அதைவிட உறுதியான நெதரைட்டாக மாற்ற ஒரு டெம்ப்ளேட் (மாற்றும்போது கூடவே வைக்கும் அச்சு) வேண்டும், ஒரு முறை பயன்படுத்தினால் அது தீர்ந்துவிடும். நெதர் உலகத்துப் பாழடைந்த கோட்டையான பாஸ்டியனில் உயிரைப் பணயம் வைத்து எடுத்துவந்த ஒரே டெம்ப்ளேட்டை வாளுக்குப் போட்டுவிட்டு, கவசத்துக்கு மறுபடி பாஸ்டியனைத் தேடி அலைகிறவர்கள் ஏராளம். தேவையே இல்லை! 7 வைரம், ஒரு நெதர்ராக், அந்த டெம்ப்ளேட், மூன்றையும் கிராஃப்டிங் டேபிளில் வைத்தால் இரண்டாகிவிடும். வைரம் போகிறதே என்று தயங்க வேண்டாம், வைரத்தைத் தோண்டி எடுக்கலாம், டெம்ப்ளேட்டைத் தோண்டி எடுக்க முடியாது. கவச அலங்கார டெம்ப்ளேட்டுகளையும் இப்படியே பெருக்கலாம், நெதர்ராக்குக்குப் பதில் வைக்கும் பொருள்தான் மாறும், டியூன் என்ற அலங்காரத்துக்கு மணற்கல் மாதிரி.

வைரம் என்றதும் இன்னொன்று. தாதுவிலிருந்து கூடுதலாக எடுத்துத் தரும் ஃபார்ச்சூன் மந்திரம் உள்ள பிக்ஆக்ஸ் கிடைக்கும்வரை வைரத் தாதுவை உடைக்காதீர்கள், சில்க் டச் இருந்தால் தாதுவாகவே வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்புறம் உடையுங்கள். ஃபார்ச்சூன் 3 இருந்தால் ஒரு தாதுவுக்குச் சராசரியாக 2.2 வைரம் வரும். நெதரைட்டின் மூலப்பொருளான ஏன்ஷியன்ட் டெப்ரிக்கு ஃபார்ச்சூன் வேலை செய்யாது, அதற்காகக் காத்திருப்பது வீண்.

டிஸ்க் சேர்க்கிறவர்கள் வெடிக்கும் எதிரியான கிரீப்பரைத் தாங்களே கொன்றுவிடுகிறார்கள். எலும்புக்கூட்டின் அம்பு பட்டுச் செத்தால்தான் அது டிஸ்க்கைப் போடும், நீங்கள் இரண்டுக்கும் நடுவில் ஓடி அம்பை அதன் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

செத்துப்போய் எல்லாம் கீழே சிதறிவிட்டதா? பதறி வெறுங்கையோடு ஓடாதீர்கள். கீழே கிடக்கும் பொருட்கள் 5 நிமிடத்தில் மறைந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பகுதி லோட் ஆகியிருக்கும்போது, அதாவது நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டும்தான் அந்தக் கணக்கு ஓடும். வெகுதூரத்தில் செத்திருந்தால், பொறுமையாகச் சாப்பாடும் கவசமும் எடுத்துக்கொண்டே போகலாம். லாவாவில் விழுந்திருந்தால் வைரக் கருவி எரிந்துபோயிருக்கும், நெதரைட் மட்டும் எரியாமல் மிதக்கும்.

கடைசியாக, எண்டர் டிராகனை முதல்முறை கொன்றதும் போர்ட்டலின் மேல் தோன்றும் டிராகன் முட்டை, ஓர் உலகத்துக்கு ஒன்றுதான். அடித்தால் உடையாது, வேறு இடத்துக்குத் தாவிவிடும். முதலில் சுற்றியுள்ள போர்ட்டலை பிளாக்குகளால் மூடிவிட்டு ஒரு தட்டுத் தட்டுங்கள், தாவிப் போய் நின்ற இடத்தில் அதற்குக் கீழே ஒரு பிளாக்கை விட்டு அதற்கும் அடியில் டார்ச் வையுங்கள். பிறகு நடுவில் உள்ள பிளாக்கை உடைத்தால் முட்டை டார்ச் மேல் விழுந்து, கையில் எடுக்கக்கூடிய பொருளாக மாறிவிடும்.