அறுவை சிகிச்சையில் தவறு நேர்ந்தால்: இழப்பீடு கோரும் வழி

தவறு நடந்திருக்கிறது என்ற சந்தேகம் எழுந்தவுடன் மருத்துவமனையில் வாக்குவாதம் செய்வது இயல்புதான். ஆனால் அன்றே செய்ய வேண்டியது, முழு கேஸ் ஷீட்டின் (உங்கள் சிகிச்சை பற்றி மருத்துவமனை எழுதிவைக்கும் பதிவுகளின்) நகலை எழுத்துமூலம் கேட்டு, கடிதம் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ஒப்புதல் வாங்குவது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஒப்புதல் படிவம், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துக் குறிப்பு, செவிலியர் குறிப்புகள், ஸ்கேன் படங்கள், ரசீதுகள் ஆகிய அனைத்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். என் சித்திக்குச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டு நான்கு மாதமாகியும் வயிற்று வலி தீரவில்லை. வேறிடத்தில் ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே பஞ்சுத் துணி இருப்பது தெரிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்லாம் நலமாக முடிந்ததாகவே இருந்தது. கேஸ் ஷீட்டில், துணிகளை எண்ணிக் குறிக்கும் தாளில், தொடக்கத்தில் பதினைந்து என்று எழுதியிருந்தார்கள். வயிற்றைத் தைப்பதற்கு முன் நிரப்ப வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. எங்கள் புகாரில் அந்த வெற்றுக் கட்டத்தைவிட வலுவான சான்று வேறில்லை. இரண்டாவது முறை அறுவை செய்யும் மருத்துவரிடம், எதை எங்கிருந்து எடுத்தார் என்பதைக் குறிப்பில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

பலன் சரியில்லை என்பதாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. அத்துறையில் சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் காட்டும் கவனம் காட்டப்பட்டதா என்பதே அளவுகோல் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே தொடர்பில்லாத ஓர் அறுவை நிபுணரிடம் எழுத்துமூலக் கருத்து பெறுவது நல்லது. ஆனால் எல்லா வழக்குக்கும் நிபுணர் சான்று கட்டாயமில்லை என்று 2010இல் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது; வயிற்றில் விடப்பட்ட துணிக்கு விளக்கம் தேவையில்லை. ஒப்புதல் படிவத்தையும் வரிவரியாகப் படியுங்கள்: பரிசோதனைக்கு மட்டும் ஒப்புதல் பெற்றுவிட்டு, அவசரமின்றியே உறுப்பை அகற்றியது தவறு என்று 2008இல் தீர்ப்பு வந்துள்ளது.

கட்டணம் செலுத்திய சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் என்பது 1995இலேயே முடிவான விஷயம். காப்பீட்டு நிறுவனம் செலுத்தியிருந்தாலும் அப்படித்தான். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையானால், சிவில் நீதிமன்றத்தையோ ரிட் மனு (அரசு அமைப்புக்கு எதிராக நேரடியாகத் தரும் மனு) மூலம் சென்னை உயர் நீதிமன்றத்தையோ அணுக வேண்டும். மருத்துவமனைக்கு நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். கேட்கும் இழப்பீடு எவ்வளவு என்பது இதில் கணக்கில்லை. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வக்கீல் வேண்டும், வசதியில்லை என்பவர்கள் சட்ட உதவி மையத்தை நாடலாம்.

காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தவறு தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்றாலும் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். வயிற்றில் துணி விடப்பட்ட ஒரு வழக்கில், வலி இருந்தும் ஒன்பது ஆண்டுகள் விசாரிக்காமல் இருந்ததால், 2010இல் உச்ச நீதிமன்றம் புகாரையே ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது.

புகாரில் மருத்துவமனை, மருத்துவர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து, நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதுங்கள். இரண்டாவது அறுவைச் செலவு, இழந்த சம்பளம், உடனிருந்து கவனித்தவருக்கான செலவு, இனி ஆகும் மருத்துவச் செலவு, பட்ட வேதனை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொகை குறிப்பிட்டு, முடிந்தவற்றுக்கு ரசீதும் இணையுங்கள். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள் மட்டுமே நீட்டிக்க முடியும்.

அரும்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் தனியே புகார் தரலாம். அது மருத்துவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்குமே தவிர, இழப்பீடு தராது. இடையில் மருத்துவமனை சமரசத் தொகை கொடுக்க முன்வந்தால், “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி அந்தத் தாளில் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.