மழை பெய்யும்போதே மழைப்பாட்டு: கிளாஸ்ல பருவக் கவிதை நடத்துறது எப்படி

புக்ல மழைப்பாட்டு எந்த இயல்ல வருதோ அந்த மாசம்தான் நடத்துவோம்னு இருந்தா, வெளிய வெயில் கொளுத்தும், உள்ள நாம மழைக்கு உரை சொல்லிட்டு இருப்போம். சிலபஸ் அது பாட்டுக்கு போகட்டும். வாரத்துல ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, வானத்தைப் பாத்து பாட்டை எடுங்க. 6ம் கிளாஸ்ல இருந்து 8ம் கிளாஸ் வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு இது நல்லா செட் ஆகும்.

ஐப்பசி மழைக்கு என்னோட சாய்ஸ், உழவர் வாழ்க்கையப் பாடுற பள்ளு நூலான முக்கூடற்பள்ளுதான். "ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி, மலையாள மின்னல் ஈழமின்னல் சூழ மின்னுதே". முதல்ல அர்த்தம் சொல்லாதீங்க ப்ளீஸ், மேசையில தாளம் தட்டி ரெண்டு தடவை படிங்க, மூணாவது தடவை பிள்ளைங்களே சேந்துக்குவாங்க. அப்புறம் மேப்பை மாட்டி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியும் சித்தாறும் கூடுற இடத்துல ஒருத்தன் நிக்கிறதா வச்சுக்கிட்டு, மலையாள மின்னல் எந்தப் பக்கம், ஈழ மின்னல் எந்தப் பக்கம்னு கைய நீட்டச் சொல்லுங்க. தவளை கத்துறது, நண்டு வளைய அடைக்கிறதுன்னு அடுத்து வர்ற வரியெல்லாம் மழை வரப்போற அறிகுறிதான்னு அவங்களே புடிச்சிடுவாங்க.

அடுத்து எழுத்து. "உங்க தெருவுல மழை வரப்போகுதுன்னு எப்படி தெரியும்?" இவ்ளோதான் கேள்வி, ஒவ்வொரு வரியும் "தே"ன்னு முடியணும். ஒண்ணு ரெண்டு நீங்க போட்டுக் காட்டுங்க: "மாடித் துணிய அம்மா ஓடி எடுக்குதே", "தெரு லைட்டச் சுத்தி ஈசல் பறக்குதே". கடலோர ஊர்ப் பிள்ளைங்க போட்டைக் கரையேத்துறத எழுதுவாங்க, சிட்டில கரண்டு போறத எழுதுவாங்க. பேச்சுத்தமிழ்ல எழுதினா திருத்தாதீங்க, பள்ளு நூலே பேச்சு வாடை அடிக்கிற நூல்தான்.

பருவம் தப்பி ஒரு மழை கொட்டுச்சுன்னா விடாதீங்க, அன்னைக்கே குறுந்தொகை 66ம் பாட்டு, அஞ்சே அடி. கார்காலத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனவன் வரல, மழைக்காலத்துல பூக்கற கொன்றை பூத்துடுச்சு, தலைவி கலங்கிடுவான்னு தோழி சொல்றா: இந்தக் கொன்றை மரத்துக்கு அறிவில்ல, "வம்ப மாரியைக் கார் என மதித்தே" பூத்துடுச்சு. இது பருவமழையே இல்ல, அதனால அவன் சொன்ன நாளும் தப்பலன்னு அர்த்தம். தோழி சொல்றது நெசமா, இல்ல சமாதானத்துக்கு அடிச்சு விடறாளான்னு கேட்டுட்டு நீங்க ஒதுங்கிடுங்க, கிளாஸ் ரெண்டா பிரிஞ்சு சண்டை போடும். (வெளிநாட்டுல அப்பா இருக்கிற பிள்ளைங்க இருந்தா, யாரையும் பேர் சொல்லி உதாரணம் காட்டாதீங்க.)

ஆண்டாளோட "ஆழி மழைக்கண்ணா"வ சயின்ஸ் டீச்சரோட சேந்து நடத்தலாம். கடலுக்குள்ள புகுந்து தண்ணிய மொண்டுக்கிட்டு மேகம் மேல ஏறுறது அதுல அப்படியே இருக்கு. மார்கழிப் பாட்டுன்னாலும் அரையாண்டு எக்ஸாம், லீவுல அந்த மாசம் ஓடிடும், அதனால கார்த்திகை மழையிலயே எடுத்துடுங்க. பக்திப்பாட்டுன்னு நேராவே சொல்லுங்க, ஆனா கும்பிட வைக்காதீங்க. எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் உக்காந்திருக்கிற கிளாஸ் அது. அதே மாதிரி கிறிஸ்துமஸுக்கு தேம்பாவணி, மிலாது நபிக்கு சீறாப்புராணம்னு கொஞ்சம் வாசிச்சா யாரும் விட்டுப்போன மாதிரி இருக்காது.

பொங்கலுக்கு "பொங்கட்டும் மகிழ்ச்சி, தங்கட்டும் வளம்"னு வாட்ஸ்அப்ல வர்றதையே எழுதிட்டு வருவாங்க. அதுக்கு ஒரு வழி இருக்கு. பொங்கல், கரும்பு, மகிழ்ச்சி, இனிமை இந்த நாலு வார்த்தைக்கும் தடா போடுங்க. வேற வழியில்லாம புகை கண்ணக் கரிச்சது, மாட்டுக் கொம்புக்கு பெயின்ட் அடிச்சது, பஸ்ல நின்னுக்கிட்டே ஊருக்குப் போனதுன்னு நெசமான வரி வரும். லீவுல பாட்டிகிட்ட கும்மிப்பாட்டோ நடவுப்பாட்டோ ஒண்ணு போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு வரச் சொல்லுங்க, வீட்ல யாருக்கும் தெரியலன்னா பக்கத்து வீட்ல கேக்கட்டும்.

பிறந்தநாளுக்கு சாக்லேட்டோட நாலு வரி வாழ்த்தும் பக்கத்து பெஞ்ச் எழுதித் தரணும்னு வச்சுக்கலாம். "நீ நீடூழி வாழ்க" வேணாம், அந்தப் பிள்ளை எப்படி சிரிக்கும், எதைத் தொலைக்கும்னு இருக்கணும், கிண்டல் எல்லை மீறாம முன்னாடியே ஒரு பார்வை பாத்துடுங்க.

மார்க் மட்டும் போட்டுடாதீங்க. போட்டியும் வேணாம், ஜட்ஜ் வந்தாலே கை ஆட்டிப் பேசற மனப்பாடம் வந்துடும். எழுதினதையெல்லாம் தேதியும் அன்னைக்கு வெயிலா மழையாங்கிறதும் போட்டு ஒரே நோட்டுல ஒட்டி வைங்க, அடுத்த வருஷம் வர்ற செட்டுக்கு அதுலருந்தே வாசிச்சுக் காட்டலாம்.