ஒரே பைக்குள் மூன்று உறைகள்

போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட இரவு பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் இருந்தார். விசா நேர்முகத்துக்காகப் போகிறார். "காசை மூன்று இடத்தில் பிரித்து வைத்திருக்கிறேன், அண்ணை" என்றார். அந்த மூன்று இடங்களும் ஒரே முதுகுப்பையின் மூன்று அறைகள். எனக்கு நெஞ்சு பதைத்தது. நான் செய்த பிழை அதே வடிவில் என் முன்னால் உட்கார்ந்திருந்தது.

பயணத்தில் பணத்தைக் காக்க, பணப்பையைப் பின்பக்கப் பையில் வைக்காதீர்கள், அந்நியர் தரும் பானத்தைக் குடிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரிக்காத பிரிவினை

முன்பு ஒருமுறை அக்காவின் சத்திரசிகிச்சைக்காக 85,000 ரூபாயை மூன்று கடித உறைகளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒன்று உடுப்பு மடிப்பில், ஒன்று புத்தகத்துக்குள், ஒன்று சவர்க்காரப் பெட்டியில். அடையாள அட்டையும் வங்கி அட்டையும் அதே பையில். புத்தளம் தாண்டித் தேநீருக்கு நிறுத்தியபோது பையை மேல்தட்டில் விட்டு இறங்கினேன். திரும்பி வந்து அண்ணாந்து பார்க்காமலே தூங்கிவிட்டேன். வெள்ளவத்தையில் இறங்கும்போது தட்டு வெறுமையாக இருந்தது.

உறைகளைத் தேட வேண்டிய சிரமம் திருடனுக்கு இல்லை. அவன் பையோடு போய்விட்டான். பணத்தை விட அடையாள அட்டைதான் என்னை அலைக்கழித்தது: பொலிஸில் முறைப்பாடு, அதன் பிரதி, புதிய அட்டைக்கான விண்ணப்பம், காத்திருப்பு. அக்காவின் படுக்கையருகே வெறுங்கையோடு நின்ற காலை இன்னும் என்னைச் சுடுகிறது.

இதைச் சொன்னால் பலரும் தரும் பதில்: "பை என் கண் முன்னால்தான் இருக்கும்." இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம், ஓர் இரவு முழுவதும், யாருடைய கண் விழித்திருக்கும்?

புறப்படும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பை இப்போதே தொலைந்தால் சாப்பிட முடியுமா, வீடு திரும்ப முடியுமா, நான் யாரென்று நிரூபிக்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் நீங்கள் பிரித்திருக்கிறீர்கள். நான் இப்போது தையற்காரரிடம் காற்சட்டையின் உட்புறம் ஒரு பை தைத்து வாங்கியிருக்கிறேன். பெரிய தொகையும் அடையாள அட்டையும் அதில். இரண்டாவது வங்கி அட்டை கூட வருபவரிடம். வழிச்செலவுக்கு ஒரு சின்னப் பணப்பை. முதுகுப்பையில் உடுப்பும் அட்டைகளின் பிரதிகளும் மட்டும்.

இதைக் கேட்ட அந்த இளைஞர் விளக்கு அணையும் முன்பே காசின் இரண்டு பங்கை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

5,000 ரூபாய்த் தாள்

நடத்துனரிடம் நீட்டாதீர்கள். சில்லறையை வீட்டிலேயே எண்ணி எடுங்கள்.

நல்லூரில் கழற்றிய சட்டை

வெளிநாட்டிலிருந்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கு வரும் உறவினர்கள் இதில் தவறாமல் சிக்குகிறார்கள். ஆண்கள் மேலாடை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும் என்பது தெரியும். வேட்டிக்குப் பை இல்லை என்பது வாசலில்தான் உறைக்கும். பணத்தைச் சட்டைப் பையிலேயே விட்டு, சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். நெரிசலில் கைகூப்பும் கணத்தில் சட்டை தலைகீழாகும். பையுள்ள இடுப்புப்பட்டி ஒன்றை வேட்டிக்கு மேல் கட்டுங்கள். அர்ச்சனைக்கான காசு மட்டும் கையில் இருக்கட்டும்.

சென்னையில் கழற்றிய சிம்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து பறந்து சென்னையில் இறங்கியதும் இலங்கை சிம்மைக் கழற்றி எங்கோ போட்டுவிடுவார்கள். பிறகு இணையத்தில் டிக்கெட் வாங்க அட்டையைப் பயன்படுத்தினால், வங்கி அனுப்பும் இரகசிய எண் அந்த சிம்முக்குத்தான் போகும். பணம் கணக்கில் இருக்கும், கைக்கு வராது. ரோமிங்கைப் புறப்படும் முன்பே இயங்கச் செய்துவிடுங்கள்.

குறிகட்டுவான்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகில் ஏற இரண்டு கைகளும் வேண்டும். குனியும்போது மேற்சட்டைப் பையில் இருப்பது கடலுக்குப் போகும்.