சாயக்கழிவுநீரில் பாக்டீரியா: நிறம் போனால் வேலை முடிந்ததா?

சாயக்கழிவுநீரைப் பாக்டீரியா விட்டுச் சுத்தம் செய்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, நிறம் போனதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. துணிக்குப் போடும் செயற்கைச் சாயங்களில் பெரும்பங்கு அசோ (azo) என்ற வேதி வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு இருக்கும்வரைதான் அவற்றுக்கு நிறம். காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா, அசோரிடக்டேஸ் என்ற நொதியின் துணையோடு அந்தப் பிணைப்பை அறுத்துவிடும். தண்ணீர் வெளுக்கும். ஆனால் அறுந்த துண்டுகள் எங்கும் போகவில்லை, அரோமாட்டிக் அமீன்கள் என்ற நைட்ரஜன் சேர்மங்களாக அதே நீரில் கிடக்கின்றன. அவற்றில் பென்சிடின் போன்ற சில, புற்றுநோய் உண்டாக்குபவை. வெளுத்த நீரை ஒரு பாட்டிலில் திறந்து வையுங்கள். காற்றுப் பட்டு மேற்பரப்பு பழுப்பேறினால் அமீன் இன்னும் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். பழுப்பேறவில்லை என்பதற்காக நிம்மதியடையவும் முடியாது.

பல அமீன்களைச் சிதைக்க ஆக்சிஜன் வேண்டும். அதனால் முதலில் காற்றில்லாத தொட்டி, அப்புறம் காற்றூட்டும் தொட்டி. சிலர் முதல் தொட்டியிலேயே காற்றூதும் ப்ளோயரை ஓட்டிவிடுவார்கள். சாயத்துக்குப் போக வேண்டிய எலக்ட்ரான்களை ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும், நிறம் அப்படியே நிற்கும். நீரில் நைட்ரேட் இருந்தாலும் இதே தொல்லைதான்.

நிறம் குறைந்தால் சிதைந்துவிட்டது என்றும் பொருளில்லை. செத்த பாக்டீரியாகூடச் சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாதிரியைச் சென்ட்ரிஃபியூஜ் கருவியில் வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்த சேற்றைப் பாருங்கள். அது நீலமாகவோ சிவப்பாகவோ இருந்தால் சாயம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கழிவில் ஹைட்ரோஸ் (சோடியம் டைதயோனைட் என்ற நிறம் நீக்கும் ரசாயனம்) மிச்சமிருந்தால் பாக்டீரியாவே இல்லாமலும் வெளுக்கும். பாக்டீரியா போடாத மாதிரி ஒன்றையும், சூடாக்கிக் கொன்ற பாக்டீரியா போட்ட மாதிரி ஒன்றையும் பக்கத்தில் வைக்காமல் செய்யும் சோதனையை நான் நம்புவதில்லை.

சாயத்தை மட்டும் தின்று பாக்டீரியா பிழைக்கும் என்ற எண்ணமும் தப்பு. அதற்கு வேறு உணவு வேண்டும். நெய்த துணி ஆலையில் கஞ்சி கழுவிய தண்ணீரே அதற்குப் போதுமானதாக இருக்கலாம். பின்னலாடை நூலுக்குக் கஞ்சி போடுவதில்லை என்பதால் திருப்பூரில் அந்த வசதி கிடையாது. வெளுப்புப் பட்டறையின் குளோரின், பெராக்சைடு, சோடாவின் காரம், சாயத் தொட்டியின் சூடு எல்லாம் நேராக வந்து விழுந்தால் எந்தப் பாக்டீரியா கல்ச்சரும் தாங்காது. சமன்படுத்தும் தொட்டியில் ஆறவிட்டு, காரத்தைத் தணித்து, அதன் பிறகே அனுப்ப வேண்டும்.

கடைசியாக உப்பு. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் வகைச் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 100 கிராம் வரைகூட உப்பு போடுகிறார்கள். பாக்டீரியா அதைத் தொடவே தொடாது. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றோர விவசாயிகள் சாயக்கழிவை எதிர்த்துப் போராடியது வெறும் நிறத்துக்காக இல்லை. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் வயலுக்கு உதவாமல் போனதற்கு உப்பு முக்கியக் காரணம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறுவது கட்டாயமாயிற்று. சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வும், மிஞ்சும் உப்பு நீரை வற்றவைக்கும் ஆவியாக்கியும் இல்லாமல் அது நடக்காது. பாக்டீரியா தொட்டியில் வேலை அரைகுறையாக நின்றால், மிச்சக் கழிவு போய் ஆர்.ஓ. சவ்வைத்தான் அடைக்கும்.