சேலம் வெயிலில் கினிப் பன்றி வளர்ப்பது எப்படி

கினிப் பன்றி பன்றியல்ல, சிறிய கொறிவிலங்கு. அதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. 18 முதல் 24 டிகிரி வரைதான் அதற்குச் சுகம். 30 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதற்கு வியர்க்காது, நாயைப் போல இரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் வராது. சேலத்திலோ ஏப்ரல், மே மாதங்களில் 38, 40 சாதாரணம். ஆகவே கூண்டு வாங்குவதற்கு முன், அதை எந்த அறையில் வைக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

மொட்டை மாடி, தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை மூன்றும் வேண்டவே வேண்டாம். தரைத்தள அறை நல்லது. அதிலும் மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மாலை முழுக்க வாங்கிய வெயிலை அந்தச் சுவர் ராத்திரி வரை கக்கிக்கொண்டிருக்கும். கூண்டின் உயரத்திலேயே ஒரு வெப்பமானியை மாட்டுங்கள். 27 காட்டினாலே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்து, பருத்தித் துணியில் சுற்றி ஒரு மூலையில் வையுங்கள். எதிர் மூலை சும்மா இருக்கட்டும், குளிர் போதுமென்றால் விலகிப்போக இடம் வேண்டும். ஓரடிக் கடப்பாக்கல் துண்டு ஒன்றைப் போட்டால் அதன்மேல் வயிறு படியக் கிடக்கும். வியர்க்காத உடம்புக்கு வெறும் ஃபேன் காற்று பெரிதாக உதவாது. ஜன்னலில் ஈரத்துணி கட்டினால் வறண்ட கோடையில் அறையே குளிரும்.

பக்கவாட்டில் சரிந்து கிடந்து, வாயில் நீர் ஒழுக, வேகமாக மூச்சு வாங்கினால் அது வெப்பத்தாக்கு. ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள், ரத்தக்குழாய் சுருங்கிச் சூடு உள்ளேயே தங்கிவிடும். சாதாரணத் தண்ணீரால் காதையும் பாதத்தையும் நனைத்தபடி மருத்துவரிடம் ஓடுங்கள்.

தனியாக வளர்த்தால் ஏங்கிப்போகும். குறைந்தது இரண்டு வேண்டும். இரண்டுக்கு 2×4 அடி இடம். கம்பி வலைத் தரை பாதத்தை அறுத்துப் புண்ணாக்கும். செய்தித்தாள் விரித்து, மேலே தடித்த பருத்தித் துணியோ காய்ந்த வைக்கோலோ போடுங்கள். மரத்தூள் மூச்சுக்குழாயைக் கெடுக்கும்.

ஜோடி என்று ஆணையும் பெண்ணையும் தருவார்கள், வாங்காதீர்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு முதல்முறை சினையாகும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு இணைப்பு இறுகியிருக்கும். குட்டி வெளியே வராமல் தாயும் சாகும். இரண்டு பெண்களே நிம்மதி.

சாப்பாட்டில் பெரும்பங்கு காய்ந்த புல். பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நாரை மென்றால்தான் தேயும். தேயாத கடைவாய்ப்பல் நாக்கின் மேல் வளைந்துவிடும், பிறகு பசித்தும் தின்ன முடியாது. வெளிநாட்டு டிமோதிப் புல் விலை கட்டுப்படியாகாதவர்கள், நம்மூர் மேய்ச்சல் புல்லான கொழுக்கட்டைப் புல்லை நிழலில் உலர்த்தி, இருபத்து நான்கு மணி நேரமும் தீராமல் வையுங்கள். அருகம்புல்லைப் பச்சையாகவே தரலாம். ரோட்டோரத்தில் பறித்தது ஆகாது. வேலிமசால், குதிரைமசால் என்னும் தீவனப் பயிர்கள் குட்டிக்கும் சினைக்கும் மட்டும். வளர்ந்ததற்குத் தினமும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து மூத்திரப்பையில் கல் உருவாகும். இளஞ்சோளப் பயிரில் சயனைடு நச்சு உண்டு, தொடாதீர்கள். சோறு, ரொட்டி, பால், உருளைக்கிழங்கு, வெங்காயம் எதுவும் கூடாது.

வைட்டமின் சி-யைக் கினிப் பன்றியின் உடம்பு தயாரிக்காது, நம்மைப் போலவே. ஒரு கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். சில வாரம் கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கும், தொட்டால் கத்தும், ஈறில் ரத்தம் கசியும். 10 கிராம் கொய்யாத் துண்டிலேயே ஒரு நாளைக்குத் தேவையானது ஏறக்குறைய வந்துவிடும்; கொய்யாவில் இனிப்பு இருப்பதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடைமிளகாய் மாற்றுங்கள். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பது வீண். வெளிச்சம் பட்டுச் சத்து போய்விடும், ருசி மாறியதால் தண்ணீர் குடிப்பதும் குறையும்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் கிண்ணத்தை வைத்து, உள்ளே உட்காரவைத்து எடை எழுதுங்கள். வளர்ந்தது 700 முதல் 1200 கிராம் இருக்கும். 50 கிராம் குறைந்தால் கவனியுங்கள். 100 குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். நோயை மறைப்பது இரையாகும் பிராணிகளின் இயல்பு, ஆகவே கண்ணுக்குத் தெரிவதற்கு முன் தராசுக்குத் தெரியும்.

ஏற்காட்டில் வெயில் தொல்லை குறைவு, ஆனால் மூடுபனி ஈரத்தில் புல் பூசணம் பிடிக்கும். காற்றோட்டமுள்ள சாக்கில் உயரத்தில் தொங்கவிடுங்கள். முகர்ந்தால் மண்வாசம் அடிப்பதைக் கொட்டிவிடுங்கள். குளிர்காலத்தில் கதவிடுக்குக் காற்று படாத மூலையில் கூண்டை வைத்து, புல்லைக் குவித்துப் போடுங்கள், உள்ளே புகுந்து தூங்கும். சேலத்திலிருந்து கொண்டுபோவதானால் விடியற்காலையில் கிளம்புங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் உருளாமல் இருக்க, பெட்டிக்குள் துணியை நெருக்கிவையுங்கள்.

அரை நாள் தின்னவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், குடல் நின்றுபோகும். பெனிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்துகள் மூன்றும் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்துக் கினிப் பன்றியைக் கொன்றுவிடும். நாய், பூனை, மாடு அதிகம் பார்க்கும் மருத்துவரிடம் போனால், ஊசி போடும் முன்பே இந்தப் பெயர்களைச் சொல்லிவிடுங்கள்.