குழந்தைகளின் மூளை அளவீடுகளில் தலையளவைச் சரிக்கட்டும் முறை

எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து ஒரு குழந்தையின் ஹிப்போகாம்பஸ் (நினைவாற்றலுக்கு உதவும் மூளைப் பகுதி) கன அளவைக் கணக்கிட்டு இன்னொரு குழந்தையுடையதோடு ஒப்பிடும் முன், பெரிய தலையில் பெரிய உறுப்பு இருப்பது இயல்பு என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். இதற்கு முதலில் மண்டையோட்டின் உட்கன அளவு தேவை. மூளைப் படங்களை அளக்கும் ஃபிரீசர்ஃபர் மென்பொருள் அதை நேரடியாக அளப்பதில்லை; படத்தை ஒரு வார்ப்புருவோடு (பொது மாதிரியான மூளைப் படம்) பொருத்துவதற்குத் தேவைப்பட்ட உருப்பெருக்கத்திலிருந்து மதிப்பிடுகிறது. அவ்வார்ப்புரு பெரியவர்களுடையது என்பதால், சிறு குழந்தைகளின் படங்கள் சரியாகப் பொருந்தினவா என ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

உறுப்பின் கன அளவை உட்கன அளவால் வகுத்துவிடுவது எளிய வழி. இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஹிப்போகாம்பஸ் தலையோடு நேர்விகிதத்தில் பெருகுவதில்லை; அதைவிடக் குறைவாகவே பெருகுகிறது. ஆதலால், வகுத்த பின் பெரிய தலையுள்ள குழந்தைகளுக்கு அது காரணமின்றிச் சிறியதாகத் தோன்றும். மாறாக, இரண்டுக்கும் உள்ள தொடர்பின் சரிவை (உட்கன அளவு ஓர் அலகு கூடும்போது ஹிப்போகாம்பஸ் எவ்வளவு கூடுகிறது என்பதை) கண்டறிந்து, குழந்தையின் உட்கன அளவு குழுவின் சராசரியிலிருந்து விலகும் அளவை அச்சரிவால் பெருக்கி, அளந்த கன அளவிலிருந்து கழிக்கலாம். வயதையும் பாலினத்தையும் தனி மாறிகளாகச் சேர்க்க வேண்டும். தொடர்பு வளைந்திருந்தால் இரு அளவுகளுக்கும் மடக்கை எடுத்துப் பார்க்கலாம்.

மூளையின் வெளி அடுக்கான புறணியின் தடிமனுக்குப் பொதுவாக இத்திருத்தம் வேண்டியதில்லை, பரப்பளவுக்கு வேண்டும்.

குழந்தைகளிடம் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: மூளை வளரும் அழுத்தத்தால்தான் மண்டையோடு விரிகிறது; மூளை குறைவாக வளர்ந்தால் தலையும் சிறியதாகிவிடும். ஆகவே, குறைமாதத்தில் பிறந்தவர்களை ஆராய்பவர் தலையளவைச் சரிக்கட்டினால், தாம் தேடும் வேறுபாட்டையே அழித்துவிடக்கூடும். அத்தகைய ஆய்வுகளில் திருத்திய முடிவையும் திருத்தாத முடிவையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.