ஃபார்மட் அடிப்பதற்கு முன்: பழைய விண்டோஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் நான் பழுது பார்க்கப் போகும் கடைகளில் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறது. சில இடங்களில் எக்ஸ்பியும் உண்டு. அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பழைய வேலைகள், வானவில், பாமினி போன்ற எழுத்துருக்கள், டோங்கிள் என்ற சாவிக் கருவியைச் செருகினால்தான் திறக்கும் மென்பொருள், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் அடிக்கும் புரோகிராம் என்று எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பெட்டியை விற்றால் சில நூறு ரூபாய் கிடைக்கும். உள்ளே இருப்பது போனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இதை மறப்பதால்தான் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை நடக்கின்றன.

முதல் தவறு, எதற்கெடுத்தாலும் ஃபார்மட் அடிப்பது, அதாவது வட்டில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை ஒன்றில், தை முகூர்த்த நேரத்தில் சிஸ்டம் நீலத் திரையோடு நின்றது. யாரையோ கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் வந்த கையோடு ஃபார்மட் அடித்து ஓ.எஸ். போட்டுவிட்டுப் போய்விட்டார். என்னை அழைத்தபோது சி டிரைவில் எழுத்துருக்களும் இல்லை, டெஸ்க்டாப்பில் வைத்திருந்த பல வருட மேட்டரும் இல்லை. நீலத் திரையில் வந்த எண்ணைக் கடைக்காரர் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். கடைசி இரண்டு எழுத்துகள் 7பி. வட்டு இருக்கும் இடத்தை விண்டோஸால் எட்ட முடியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நடந்தது இதுதான். மதர்போர்டில் நாணயம் போல ஒரு சி.ஆர்.2032 பேட்டரி இருக்கும். 3 வோல்ட். அது தீர்ந்துபோனால் பயாஸ் அமைப்புகள், அதாவது விண்டோஸ் ஏறும் முன் போர்டு பார்க்கும் அமைப்புகள், மறந்துபோகும். பல பழைய போர்டுகளில் ஹார்டு டிஸ்க்குடன் பேசும் முறைக்கான அமைப்பு தானாக ஐ.டி.இ. என்ற பழைய முறைக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் 7 போட்டபோது அது ஏ.எச்.சி.ஐ. என்ற புதிய முறையில் இருந்திருந்தால், இந்த மாற்றத்துக்குப் பிறகு சிஸ்டம் ஏறாது. புது பேட்டரி போட்டு, பயாஸில் அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினால் வேலை முடிந்திருக்கும். ஆகவே சிஸ்டம் நன்றாக ஓடும் நாளிலேயே பயாஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பேட்டரிதான் தேதியையும் காக்கிறது. தேதி 2009-க்கோ 2010-க்கோ போய்விட்டால் பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் சான்றிதழ் சரியில்லை என்று சொல்லும். உடனே பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். அல்லது எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போவார்கள். இரண்டும் வேண்டாம். வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள்.

இப்போது விண்டோஸ் 7-ஐப் புதிதாகப் போடுவதும் முன்பு போல எளிது இல்லை. 2011-இல் வந்த சர்வீஸ் பேக் 1 வட்டில்கூட யு.எஸ்.பி. 3.0 டிரைவர் கிடையாது. கொஞ்சம் புதிய போர்டாக இருந்தால், நிறுவும்போது கீபோர்டும் மவுஸும் அசையாமல் நிற்கும். 2019-க்குப் பிறகு வந்த அப்டேட்டுகளை ஏற்க அதற்குமுன் ஒன்றிரண்டு தனி அப்டேட்டுகளைக் கையால் போட வேண்டும். இத்தனை அப்டேட்டுகளோடு ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை அவசரத்தில் அழிப்பது பெரிய இழப்பு.

அடுத்த தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போடும், ஒரு ஃபைலைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகும். உடனே செக் டிஸ்க் ஓட்டுவார்கள், அதுவும் கெட்டுப்போன செக்டார்களை, அதாவது வட்டின் சிறு பகுதிகளை, தேடும் முழுச் சோதனையை. நல்ல வட்டுக்கு அது மருந்து. சாகப்போகும் வட்டை அது மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்து, ஃபைல் பட்டியலிலும் கைவைக்கும். மிச்சம் இருந்ததும் அதில் போய்விடலாம். முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற கருவியில் வட்டின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது வட்டு தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் கணக்கை, பாருங்கள். மாற்றி ஒதுக்கிய செக்டார்கள், காத்திருக்கும் செக்டார்கள் என்ற இரண்டு வரிகளிலும் எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு வட்டுக்கு நகல் எடுங்கள். வட்டு ரொம்ப மோசம் என்றால் லினக்ஸ் பென்டிரைவில் ஏற்றி, டிடி ரெஸ்க்யூ மூலம் வட்டு முழுவதையும் நகலெடுக்கலாம். சோதனையை அந்த நகலில் செய்யுங்கள்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 7 எஸ்.எஸ்.டி.யைப் புரிந்துகொண்டு எந்த இடம் காலியானது என்று சொல்லும் டிரிம் கட்டளையை அனுப்பும். எஸ்.எஸ்.டி.யை டிஃபிராக் செய்ய, அதாவது சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்க, வேண்டியதில்லை, தேய்மானம்தான் மிச்சம். எக்ஸ்பிக்கு டிரிம் தெரியாது. எக்ஸ்பி சிஸ்டத்துக்கு நல்ல ஹார்டு டிஸ்க்கே போதும் என்பது என் கருத்து.

ரேமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 32-பிட் விண்டோஸ் 7-இல் 8 ஜி.பி. போட்டாலும் 4-க்குள்தான் பயன்படும், பெரும்பாலும் மூன்றேகால், மூன்றரை. ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் பேக் வகையறாக்களைத் தொடவே வேண்டாம். சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோரை இடம் மிச்சம் என்று நிறுத்தி வைக்காதீர்கள்.

இணைய விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும் முடிந்தது. குரோம் 109-தான் விண்டோஸ் 7-க்குக் கடைசி. ஃபயர்ஃபாக்ஸில் 115 இ.எஸ்.ஆர். வரிசைதான் கடைசி. எதுவாக இருந்தாலும் அந்தப் பெட்டியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். வேலைக்கு இணையம் தேவையில்லை என்றால் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

புது சிஸ்டத்திலிருந்து எக்ஸ்பிக்கு ஃபைல் பகிர முடியவில்லை என்று, விண்டோஸ் 10-இல் எஸ்.எம்.பி. 1 என்ற பழைய பகிர்வு முறையை இயக்குகிறவர்களைப் பார்க்கிறேன். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த வாசல் வழியாகத்தான். பென்டிரைவில் கொண்டுபோங்கள், போவதற்கு முன் புது சிஸ்டத்தில் ஸ்கேன் செய்யுங்கள்.

எழுத்துருக்களுக்கு வருகிறேன். இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவாக இருக்கும் யூனிகோடு முறைக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எழுத்துரு போனால் மேட்டர் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். மேட்டரை மட்டும் நகல் எடுப்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர், தட்டச்சு மென்பொருளின் நிறுவும் ஃபைல், அதன் சாவி எண் மூன்றையும் சேர்த்து எடுங்கள். முடிந்த வேலைகளை எழுத்துருவை உள்ளே பதித்து பி.டி.எஃப்.பாகவும் வையுங்கள். எந்த மேட்டர் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்தால், பின்னால் யூனிகோடுக்கு மாற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. தேவனாம்பட்டினம் பக்கம் இருக்கும் சிஸ்டங்களில் ரேமின் தங்க நிறக் கால்கள் உப்புக் காற்றில் கறுத்துப்போகும். ஸ்விட்ச் போட்டால் பீப் சத்தம் மட்டும் வரும், திரை வராது. போர்டு போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மின் இணைப்பைக் கழற்றி, ரேமை எடுத்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒன்றிரண்டு சிஸ்டங்கள் எனக்கு இப்படியே பிழைக்கின்றன. கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். 2015 வெள்ளத்தில் மேசைக்குக் கீழே இருந்த பெட்டிகள்தான் முதலில் போயின.

மழைக்கு முன்னால், புரட்டாசி முடிவதற்குள், ஒரு வேலையை முடித்துவிடுங்கள். விண்டோஸ் 7-இன் பேக்கப் பகுதியிலேயே சிஸ்டம் இமேஜ், அதாவது முழு சிஸ்டத்தின் நகல், எடுக்கும் வசதி இருக்கிறது. வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று எடுங்கள், ரிப்பேர் டிஸ்க்கும் எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்பி என்றால் அதே வேலைக்கு குளோன்ஸில்லா என்ற கருவி. நேரம் இருந்தால் டிஸ்க்2விஹெச்டி மூலம் முழு சிஸ்டத்தையும் ஒரு ஃபைலாக்கி, புது கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓட்டிப் பாருங்கள். யு.எஸ்.பி. டோங்கிள் பல நேரங்களில் அதற்குள்ளும் வேலை செய்யும். பிரிண்டர் போர்ட்டில் செருகும் பழைய டோங்கிள் என்றால் அசல் பெட்டியையே காப்பாற்ற வேண்டியிருக்கும். அந்த வெளி ஹார்டு டிஸ்க்கைக் கடையில் வைக்காதீர்கள். வீட்டில், மாடி அலமாரியில் வையுங்கள்.